வராதவர்களின் பதில்கள்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் மழை விட்ட மதியம். மரிசெல் அம்மாவை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு அடுத்த அறையில் கணினி முன் உட்கார்ந்தாள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரின் உடல்நிலை பற்றிய ஆய்வு ஒன்றின் கணக்குகளை அவள் பார்த்துவந்தாள். மாதாமாதம் அவர்களிடம் தூக்கம், வலி, மனநிலை கேட்பார்கள். பாதியில் பதில் வராமல் நின்றுபோனவர்களைக் கணக்கில் கையாள இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று அவர்களை அடியோடு விட்டுவிடும். மற்றொன்று, அவர்கள் முன்பு சொன்னதையும் அவர்களைப் போன்றவர்கள் சொல்வதையும் வைத்து, சொல்லாத பதிலை ஊகித்து நிரப்பும். இரண்டையும் ஒப்பிடுவது அவள் வேலை.

நின்றுபோனவர்களில் அவள் அக்கா நெனிதாவும் ஒருத்தி. அம்மாவைப் புரட்டிப் புரட்டியே தேய்ந்து, ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டாள். அவள் பெயருக்கு நேரே ‘இறந்தார்’ என்று குறிக்க மரிசெல்லுக்குக் கை வரவில்லை. ‘பதில் வரவில்லை’ என்றே விட்டிருந்தாள். இறந்தவர்களுக்கு மட்டும்தான் ஊகித்து நிரப்புவது நிற்கும். அதனால் இரண்டாம் முறையில் அக்கா இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கம் குறைந்துகொண்டே வந்தது. இந்த மாதம், வலது மணிக்கட்டில் கடும் வலி.

ஆய்வை மேற்பார்க்கும் எஃப்ரென் தொலைபேசியில் அழைத்தார்.

“செத்தவங்களுக்குத் தட்டு வைக்கிறது நம்ம வழக்கம்தான், மரிசெல். அதுக்காகக் கணக்குலயும் சோறு போடுவியா? அக்காவ இறந்துட்டாங்கன்னு போடு.”

“போட்டா நின்னுடும், அண்ணே.”

“நிக்கட்டுமே. இருந்தப்ப ஒரு நாளாவது அவளை உக்கார விட்டீங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. தொலைபேசியை வைத்துவிட்டு ‘இறந்தார்’ என்று தட்டினாள். சேமிக்குமுன் அம்மாவின் குரல் வந்தது.

“மரிசெல், அக்காவ செத்த நேரம் உக்காரச் சொல்லு. மணிக்கட்டு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே புரட்டுறா.”

அக்கா போனது அம்மாவுக்கு அவ்வப்போது மறந்துபோகும். ஆனால் உயிரோடிருந்தவரை அக்கா மணிக்கட்டு வலி என்று சொன்னதே இல்லை.

மரிசெல் எழுந்து போனாள். வாசல் கதவு தாழிட்டபடியே இருந்தது. தானாக அசைய முடியாத அம்மா, இப்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகில் புதிதாகப் பவுடர். அதில் ஒரு கையின் தடம், இடது கை.

“எங்கேம்மா உக்காரச் சொல்றது?”

“நாற்காலி போட்டாத்தானே உக்காருவா.”

மரிசெல் பிரம்பு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டாள். பிறகு கணினிக்குத் திரும்பி, தட்டியதைச் சேமித்தாள்.

அடுத்த அறையில் பிரம்பு ஒருமுறை முனகியது, நெடுநேரம் நின்றவர் உட்காரும்போது முனகுவதுபோல.