முயல் என்று மூன்று தரம்

பத்து நாளாகக் கடலைக் கலக்கி எடுத்த காற்று, தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் பார்த்துத்தானா அடங்க வேண்டும்? அடங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்காட்லாந்தின் போர்ட்காரி துறைமுகத்தில் ஒன்பது படகுகளின் இன்ஜின்களும் உறுமிக்கொண்டிருந்தன. ஆறரைக்கு நீர் ஏற்றம். அதைத் தவறவிட்டால் அந்தக் குறுகலான துறைமுக வாயில் வழியாக எந்தப் படகும் வெளியே போக முடியாது. வாக்குச் சாவடி திறப்பதோ ஏழு மணிக்கு. எப்படியும் கரையில்தான் கிடப்போம் என்று நம்பி, தபால் வாக்குக்கு ஒருவரும் எழுதிப் போட்டிருக்கவில்லை.

சாவடியாக மாறியிருந்த பள்ளிக்கூடம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. அதன் வாசலில் துண்டுப்பிரசுரக் கட்டுகளோடு நின்ற ரோனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிய வேண்டும் என்கிற தனிநாட்டுக் கட்சியின் வேட்பாளர் எல்ஸ்பெத் ஃப்ளெட்டுக்குத் தேர்தல் ஏஜெண்ட்.

"பாத்தியா? கிளம்பிட்டாங்க! நாப்பது ஓட்டு கடலுக்குப் போகுது! சனிக்கிழமை வரைக்கும் திரும்ப மாட்டாங்க. ஜெயிச்சுட்டோம்டி!"

எல்ஸ்பெத்துக்கும் நெஞ்சு குதித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குதித்தது. கவுன்சிலில் காலியான ஒரே ஒரு இடத்துக்கான இடைத்தேர்தல். ஆனால் மறுநாள் இரவோடு பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியேறுகிறது. ஸ்காட்லாந்து போகாதே என்று வாக்களித்தும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த நாளன்று இந்த ஊர் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்று எடின்பரோ வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வாரமாக மழையிலும் சேற்றிலும் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டியவள் அவள். இரண்டு ஜோடி பூட்ஸ் தேய்ந்துபோயிற்று. இந்த இடம் அவளுக்கு வேண்டும்.

போட்டியிட்டவர்கள் மூன்று பேர். ஒருத்தி எல்ஸ்பெத். இன்னொருவர் பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிற யூனியன் கட்சியின் கில்ரி, ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கி ஓய்வு பெற்ற பல் டாக்டர். மூன்றாவது ஆள் மீனவர் சார்பில் சுயேச்சையாக நின்ற டோட் ஃப்ளெட். எல்ஸ்பெத்தின் இரட்டைச் சகோதரன். அவளைவிட ஏழு நிமிடம் இளையவன். ஐரோப்பா ஒழிந்தால்தான் நம் கடல் நமக்கு என்பது அவன் கட்சி. தனிநாடு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

வாக்குச் சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். கடைசியாக வருபவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அவற்றில் உள்ள இரண்டாம் எண் யாருக்கோ அவருக்குக் கொடுப்பார்கள். டோட் ஜெயிக்கப் போவதில்லை என்று டோட்டுக்கே தெரியும். அதனால், 'எனக்கு ஒன்று, கில்ரிக்கு இரண்டு' என்று நோட்டீஸ் அடித்துத் துறைமுகம் முழுக்க ஒட்டிவிட்டான். படகுக்காரர்கள் நாற்பது பேரும் அவன் ஆட்கள். அவர்கள் சாவடிக்கு வந்தால் அந்த நாற்பதும் சுற்றி வளைத்துக் கில்ரியின் பெட்டியில் விழும். இதுதான் ரோனாவின் கணக்கு. கணக்கு டீச்சர் கணக்குத் தப்புமா?

எல்ஸ்பெத் படகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போன வாரம் தேவாலயக் கூடத்தில் நடந்த பொதுக்கூட்டம் நினைவுக்கு வந்தது. முந்நூறு பேருக்கு முன்னால் டோட் எழுந்து, "எங்கக்காவோட கட்சிக்கு ஓட்டுன்னா ஜெயிக்கிற ஓட்டு மட்டும்தான் ஓட்டு. தனிநாட்டு ஓட்டுல தோத்தாங்களே, அது கணக்குல இல்லியாம், இன்னொண்ணு வேணுமாம். மக்கள் முடிவு, மக்கள் முடிவுங்கிறியே, நாங்க மக்கள் இல்லியா?" என்று கேட்டான். கூடம் கைதட்டியது. வாய்க்கு வாய் பேசுகிற எல்ஸ்பெத் அன்றைக்குத் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கப் பதில் தேடினாள்.

இப்போது அந்த நாற்பது மக்களும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அவளுடைய நெஞ்சு குதித்துக்கொண்டிருந்தது. சீ என்றிருந்தது அவளுக்கு.

"இதைப் பிடி" என்று துண்டுப்பிரசுரங்களை ரோனாவின் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினாள்.

"எங்கடி போறே? ஏய்! அவங்களுக்கு டாட்டா காட்டவா போறே?"

துறைமுகச் சுவரின் நுனிவரை ஓடினாள். சுவரை ஒட்டி முதலாவதாக நின்றது டோட்டின் படகுதான். கேபின் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "என்ன அக்கா, முத்தம் குடுத்து அனுப்ப வந்தியா?" என்றான். டெக்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"டோட்! ஓட்டுப் போட்டுட்டுப் போங்கடா!"

"ஆறரை தாண்டினா தண்ணி இறங்கிடும். நீ வேணா கடலை நிறுத்திவை. போடி!"

எல்ஸ்பெத் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

"முயல்!"

ஊரே தெரிந்த விஷயம்தான். கடலுக்குக் கிளம்பும்போது அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லக் கூடாது. ரொம்ப அவசியமென்றால் 'நீளக்காது' என்பார்கள். மீனவர் வீட்டுக் குழந்தைகள் அம்மா என்று சொல்லும் முன்பே இதைப் படித்துக்கொள்ளும். எல்ஸ்பெத்தின் அப்பா படகுக்காரர், அவருடைய அப்பாவும் படகுக்காரர். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் நாற்பத்தாறு வருடத்தில் இதுவரை வந்ததே இல்லை.

ஒன்பது படகிலும் கைகள் பாய்ந்தன. "இரும்பு! இரும்பு!" என்று கூவிக்கொண்டு ஒருவன் நங்கூரத்தைத் தொட்டான், ஒருவன் சங்கிலியைப் பிடித்தான், ஒன்றும் அகப்படாத ஒருவன் பக்கத்தில் நின்றவனின் கத்தியைப் பிடுங்கினான்.

"முயல்! முயல்!"

"ஐயோ, இவளுக்கு என்ன வந்துச்சு? வாயை மூடுடி!"

இரும்பைத் தொட்டால் அவரவர் தலை தப்பும். ஆனால் சொன்னவர் தானே இரும்பைத் தொடும்வரை அந்தச் சொல் அடங்காது. எந்தப் படகும் நகராது. அவள் காலடியிலேயே படகு கட்டும் இரும்புத் தூண் நின்றது. குனிந்தால் போதும். ஒன்பது படகும் சேர்ந்து கத்தின.

"தொடு! தொட்டுத் தொலை!"

எல்ஸ்பெத் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

டோட் டெக்குக்கு வந்து சுவர் மேல் தாவி ஏறினான். முகம் சிவந்திருந்தது. "அக்கா, விளையாடாத. இன்னிக்குப் போகலைன்னா நாளைக்கு வெள்ளி. படகுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது, எவன் கிளம்புவான்? ரெண்டு நாள் பிழைப்பு போச்சு. அந்த இறால் வரலைன்னா உன் ஃபாக்டரியும்தான் ஈயோட்டும்."

"ஓட்டட்டும்."

உண்மைதான். டோட் பிடிக்கிற இறாலைப் பெட்டியில் அடுக்கிப் பிரான்சுக்கு லாரி ஏற்றுகிற ஃபாக்டரியில் அவள்தான் மேற்பார்வை. ஐரோப்பாவைத் திட்டித் திட்டி அவன் பிடிப்பான், ஐரோப்பாவுக்கு இவள் அனுப்புவாள்.

"தொடுடி!"

"ஏழு மணிக்கு ஸ்கூல் திறக்கும். போய் ஓட்டுப் போடுங்க. எனக்கு எதிராவே போடுங்க. நீங்க மக்கள் இல்லியான்னு கேட்டியே, இதுதான்டா பதில்!"

டோட் அவளையே பார்த்தான். அவள் கை பைக்குள்ளேயே இருந்தது. கண்ணெதிரே தண்ணீர் இறங்கியது. ஒவ்வொன்றாக இன்ஜின்கள் அடங்கின.

திரும்பி வந்தபோது ரோனா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "நாப்பது ஓட்டை நீயே கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கே. எந்த ஊர்லடி நடக்கும் இது? மாச்சுக்கு நடுவுல கோல் போஸ்ட்டைத் திருப்பி வெச்ச மாதிரி."

"திட்டு. நல்லா திட்டு."

"திட்டத்தான் போறேன். மொதல்ல டீ குடிச்சுக்கிறேன்."

ஏழு அடித்ததும் படகுக்காரர்கள் வந்தார்கள். ரப்பர் பூட்ஸோடு, முறைத்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருவன் அவள் நீட்டிய துண்டுப்பிரசுரத்தைத் தட்டிவிட்டான். இன்னொருவன், "ரெண்டு நாள் கூலி இல்லைன்னு எம் பொண்டாட்டிகிட்ட நீயே வந்து சொல்லு" என்று கத்திவிட்டுப் போனான். ஆனால் ராபி என்ற கிழட்டு மெக்கானிக் மட்டும் வெளியே வரும்போது நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பைத்தியக்காரி" என்றான். இரண்டு அடி போய்த் திரும்பி, "ஆனா நம்ம பைத்தியக்காரி" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை நகர மண்டபத்தில் எண்ணிக்கை. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்களும் படகுக்காரர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். வேலையில்லாத படகுக்காரன் வேறு எங்கே போவான்? ரோனா பென்சிலும் காகிதமுமாக, மேஜையில் விழுகிற ஒவ்வொரு சீட்டையும் எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குத் தேர்தல் அதிகாரியம்மாள் முதல் சுற்றைப் படித்தாள். கில்ரி எண்ணூற்றுப் பன்னிரண்டு. எல்ஸ்பெத் எழுநூற்றுத் தொண்ணூறு. டோட் முந்நூற்றைந்து. டோட் நீக்கப்படுகிறார். அவருடைய இரண்டாம் விருப்பங்கள் இப்போது பிரிக்கப்படும்.

"இருபத்திரண்டு பின்னாடி" என்று ரோனா முனகினாள். கில்ரி நாகரிகமான மனிதர். சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

முந்நூற்றைந்து சீட்டுகளையும் மேஜையில் கொட்டி மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். ஓர் அடுக்கு கில்ரிக்கு, ஓர் அடுக்கு எல்ஸ்பெத்துக்கு, இரண்டாம் எண் போடாதவை ஓர் அடுக்கு. முதலில் கில்ரியின் அடுக்குதான் வளர்ந்தது. எல்ஸ்பெத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், கண்ணைத் திற!" ரோனா அவள் விலாவில் குத்தினாள். "திறடி!"

திறந்தாள். இரண்டு அடுக்கும் சமமாக இருந்தன. ஒரு கை சீட்டை எடுக்கிறது, இந்தப் பக்கம் வைக்கிறது. அடுத்தது, இந்தப் பக்கம். அடுத்தது அந்தப் பக்கம். அடுத்தது இந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். ரோனாவின் பென்சில் முனை உடைந்தது. பல்லால் கடித்துச் சீவினாள்.

மீன் பெட்டி அடுக்கைக் கண்ணால் பார்த்தே எண்ணிச் சொல்லிவிடுகிறவன் டோட். அவன் எதிர்க்கோடியில் கையைக் கட்டிக்கொண்டு அந்த அடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. திடீரென்று எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கில்ரி தொள்ளாயிரத்து எட்டு. எல்ஸ்பெத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.

மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. கில்ரி மறு எண்ணிக்கை கேட்டார், கேட்காமல் இருப்பாரா? மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அதே மூன்று ஓட்டு வித்தியாசம். ரோனா தன் காகிதத்தைப் பார்த்தாள், படகுக்காரர்களைப் பார்த்தாள், அவள் முகம் வெளுத்துச் சிவந்தது.

"எல்ஸ்பெத், படகுக்காரங்க ரெண்டாவது நம்பரை உனக்குத்தான் போட்டிருக்காங்க. அந்த நாப்பது பேர் மட்டும் கடலுக்குப் போயிருந்தா நாம தோத்திருப்போம்."

"கணக்கு டீச்சர் சொன்னா சரிதான்."

படகுக்காரர்கள் வழி விட்டார்கள். டோட் வந்து அவள் முன்னால் நின்றான்.

"ரெண்டாவது நம்பர் யாருக்குப் போடுன்னு நான் எவன்கிட்டயும் மாத்திச் சொல்லல. நோட்டீஸ்ல இருந்தது இருந்ததுதான். அவனவன் போட்டான்."

"நீ?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, கவுன்சிலரம்மா." அவன் மூக்கை உறிஞ்சினான். "சந்தோஷப்படாத. இன்னிக்கு ராத்திரி ஐரோப்பாவை விட்டு வெளிய வர்றப்ப ஒன்பது படகும் ஹாரன் அடிக்கும்."

"அடிங்க. நான் சுவர் மேல உக்காந்து அழுவேன். டீ கொண்டு வருவியா?"

"கொண்டு வரேன்." கோட்டுப் பையிலிருந்து துருப்பிடித்த இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். அப்பாவின் படகில் இருந்த கொக்கி. "இப்பவாவது தொடு. நாளைக்குக் கடலுக்குப் போகணும்."

மண்டபத்தில் இருந்த அத்தனை படகுக்காரர்களும் நெருங்கி வந்தார்கள். எல்ஸ்பெத் கையை நீட்டினாள். டோட் கொக்கியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும். ஒருநாள் உன் தனிநாட்டு ஓட்டு மறுபடி வரும். நாங்க எல்லாரும் வேண்டாம்னுதான் போடுவோம். அன்னிக்கும் ஆறரைக்கு நீர் ஏறிச்சுன்னா? எங்களைப் பாத்து டாட்டா காட்டிருவியா?"

எல்ஸ்பெத்துக்கு எவ்வளவு அடக்கியும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அன்னிக்கும் வந்து நிப்பேன்டா. நின்னுகிட்டு, முயல்னு கத்துவேன்!"

மண்டபமே எகிறியது. "இரும்பு! இரும்பு!" என்று நாற்பது பேரும் ஹீட்டரையும் நாற்காலிக் கால்களையும் சாவிக்கொத்துகளையும் நோக்கிப் பாய்ந்தார்கள். கில்ரிகூடத் தன்னையறியாமல் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எல்ஸ்பெத் சிரித்தாள், அழுதாள், தம்பியின் கையில் இருந்த கொக்கியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.