காற்று: வாக்கியத்தில் அமைத்து எழுதுக

இசக்கிமுத்து தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வரப்போவது நல்ல சேதி இல்லை என்பது பஞ்சாட்சரத்துக்குப் பதினைந்து வருஷப் பழக்கத்தில் தெரியும்.

"சார்வாள், அர்த்தமெல்லாம் அருமையா எழுதியிருக்கீய. குத்தம் சொல்ல முடியாது. இந்த வாக்கியந்தான்..." ஒரு தாளை உருவி, அதில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "'தென்றல் வீசியது, ராமன் மகிழ்ந்தான்.' அடுத்தது, 'சூறைக்காற்று வீசியது, ராமன் வருந்தினான்.' அந்த ராமன் பயலுக்கு வேற சோலியே கிடையாதா?"

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அச்சகத்தில் மிஷின் நின்றிருந்தது. மை வாடை மட்டும் இருந்தது.

"பழைய பதிப்புல உங்க பாப்பா எழுதினாளே, அது வாக்கியம். பயலுவ அதுக்காகத்தான் நம்ம புஸ்தகத்தை வாங்குதானுவ. பாப்பாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டா என்னங்கேன்? உங்களுக்குள்ள என்ன இருந்தாலும் அச்சுக்கு அது தெரியவா போவுது?"

"பார்க்கலாம்" என்று பஞ்சாட்சரம் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தப் புத்தகம் எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. மாணவர்களுக்கான ஆங்கிலச் சொற்றொடர்க் கையேடு. உடம்பு, தண்ணீர், நெருப்பு, மிருகங்கள் என்று பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார். ஒவ்வொரு சொற்றொடருக்கும் கீழே தமிழில் அர்த்தம், அதற்கும் கீழே ஆங்கிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அட்டையில் 'பஞ்சாட்சரம், பி.ஏ., எல்.டி.' என்று இருக்கும். அர்த்தங்கள் அவருடையவை. வாக்கியங்கள் அவர் மகள் ரத்னாவுடையவை. அந்த விஷயம் அட்டையில் இல்லை.

பதினைந்து வயதில் விளையாட்டாகத் தொடங்கினாள். அவர் சொற்றொடரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் வாக்கியம் வந்துவிடும். 'மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியைத் தேடி என் தகப்பனார் வானத்தையும் பூமியையும் புரட்டுவார்.' 'சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டுக் குழாய் உயிரை விட்டுவிடும்.' 'கண்ணிமைக்கும் நேரத்தில் காக்கை என் தாயாரின் வடகத்தைக் கொண்டுபோய்விட்டது.' எந்தெந்த ஊரிலோ பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்தார்கள். மயிலாப்பூரில் ஒரு வாடகை வீட்டின் கூடத்தைத்தான் ஒப்பிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அறுபத்தொன்பதில், ரத்னா தன் ஆபீசில் வேலை பார்த்த அப்துல் வஹீதைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் வாசற்படிக்கு வந்து நின்றார்கள். பஞ்சாட்சரம் மேஜையில் இருந்தார். எழுந்து வைதிருக்கலாம், அழுதிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. தலையை நிமிர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "ப்ரூஃப் எல்லாம் முடிச்சுட்டுத்தானே போறே?"

ரத்னா உள்ளே வந்து, அலமாரியிலிருந்து திருத்திய ப்ரூஃப் கட்டை எடுத்து மேஜையில் ஓசைப்படாமல் வைத்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய்விட்டாள். மனைவி தேவானை சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவர் இந்த மூன்று வருஷமும் யோசித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் கேட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். கோபம்கூட இல்லை. 'போகாதே' என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கைக்கு அகப்பட்டது அந்த வாக்கியம்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

ரத்னா அடையாறில் குடியிருந்தாள். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். இந்த வீட்டிலிருந்து யாரும் நடுவே இருந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. போகாதே என்று அவர் தேவானையிடம் சொன்னதில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவர் வாய் திறந்து சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

புதிய பதிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட பகுதி காற்று. முப்பத்திரண்டு சொற்கள். அர்த்தம் எழுதும்போது மனம் லேசாகத்தான் இருந்தது. பிரீஸ் என்றால் இதமாக வீசுவது. கஸ்ட் என்றால் திடீரென்று ஒரு வீச்சு அடித்துவிட்டு அடங்குவது. ஸ்குவால், மழையையும் இழுத்துக்கொண்டு வந்து மோதுவது. கேல், மரக்கிளையை ஒடிக்கிற பலத்தில் விடாமல் அடிப்பது. டிராஃப்ட், கதவிடுக்கு வழியே அறைக்குள் நுழையும் காற்று. லல், புயலுக்கு நடுவே காற்று சற்று ஓய்ந்திருக்கும் இடைவேளை. தமிழில் தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கோடை. எங்கிருந்து வருகிறாய் என்று தமிழ் கேட்கிறது, எவ்வளவு பலமாக அடிப்பாய் என்று ஆங்கிலம் கேட்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். வாக்கியத்துக்கு வரும்போதுதான் கை நின்றுபோயிற்று. தகப்பனார் என்று எழுதினால் அடுத்த சொல் வரவில்லை. ராமனைக் கூப்பிட்டார். ராமன் வந்தான்.

மறுநாள் காலை, ரத்னாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அவள் கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது 'சிரஞ்சீவி ரத்னாவுக்கு' என்று எழுதியிருக்கிறார். இப்போது அப்படி எழுதினால் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சாதிப்பதுபோல் ஆகும். மணமான பெண்ணுக்கு 'சௌபாக்கியவதி' என்று எழுதவேண்டும். 'சௌ' என்று எழுதிப் பேனாவை எடுத்தார். அந்த ஒரு எழுத்தை எழுத மூன்று வருஷம் ஆகியிருக்கிறதே, இதை அவள் எப்படிப் படிப்பாள்? மன்னித்துவிட்டதாகப் படிப்பாளா? மன்னிக்க அவர் யார்? தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். நாலு தாள் போயிற்று.

தபால் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வெளியாட்களுக்கு வேலை அனுப்பும்போது வைப்பதற்காக இசக்கிமுத்து கொடுத்திருந்த அச்சிட்ட சீட்டு ஒன்று இழுப்பறையில் கிடந்தது. 'அன்புடையீர், இத்துடன் இணைத்துள்ள பட்டியலைப் பூர்த்தி செய்து பதினைந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்பக் கோருகிறோம்.' அதைத் தம் கையால் எழுதிய முப்பத்திரண்டு சொற்களின் பட்டியலோடு சேர்த்துக் குண்டூசி குத்தி உறைக்குள் வைத்தார். என் கையெழுத்துதான் பட்டியலில் இருக்கிறதே, அவளுக்குத் தெரியாதா என்று தபால் பெட்டிவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. பிற்பகல். தேவானை முறத்தில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். உறையின்மேல் அடையாறு தபால் முத்திரையைப் பார்த்ததும் பஞ்சாட்சரம் நின்றபடியே அதைப் பிரித்தார்.

இரண்டு தாள்கள். டைப் செய்திருந்தது. முப்பத்திரண்டு வாக்கியங்கள், முப்பத்திரண்டும் இலக்கண சுத்தம். 'கடலிலிருந்து வந்த பிரீஸ் பிரயாணிகளுக்குக் குளிர்ச்சி அளித்தது.' 'ஜன்னலைச் சாத்துங்கள், டிராஃப்ட் வருகிறது.' 'புயலில் ஒரு லல் ஏற்பட்டதும் கப்பல் துறைமுகத்தை அடைந்தது.' தகப்பனார் இல்லை. தாயார் இல்லை. காக்கை, குழாய், கண்ணாடி எதுவும் இல்லை. ராமன்கூட இல்லை. எல்லாம் பிரயாணிகளும் கப்பல்களும்தான். தாளைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பேனாக் கோடு இல்லை. அவர் அனுப்பிய அதே அச்சுச் சீட்டு, அதே குண்டூசியில் குத்தித் திரும்பி வந்திருந்தது.

"ரத்னாவா?" என்றாள் தேவானை. கீரையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்ன எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லுங்க."

"வாக்கியம்தான். புஸ்தகத்துக்கு."

"அவ வாக்கியத்துல நம்ம வீடுதானேங்க இருக்கும்? படிங்க."

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் விபூதிக்கு நிற்பதுபோல் நின்றாள்.

"பிரீஸ்" என்று ஆரம்பித்தார். "இதமான காத்து. அவங்க வீட்டு மொட்டை மாடியில சாயங்காலமானா கடல் காத்து வருதாம். நாற்காலி போட்டு உட்காருவாங்களாம்."

"மாடி வீடா?"

"ஆமா."

"அப்புறம்?"

"டிராஃப்ட். கதவிடுக்குல வர்ற காத்து. ஜன்னல் ஒண்ணு சரியா மூடலையாம். பழைய புடவையைக் கிழிச்சு அடைச்சு வச்சிருக்காளாம்."

"நான் செய்யற மாதிரியே" என்றாள் தேவானை. முகம் லேசாக மலர்ந்தது.

"கெட் விண்ட் ஆஃப். ஒரு விஷயம் கசிஞ்சு காதுக்கு எட்டறது. நம்ம தெருவில புதுசா பைப்பு போடப் போறாங்கன்னு அவ காதுல விழுந்துதாம்."

"அப்ப நம்ம தெருவைப் பத்தி யாரையோ விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

 வாரக்கணக்கில் ஒரு வாக்கியமும் வராத மனிதருக்கு இப்போது எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. செகண்ட் விண்ட், மூச்சு வாங்கி ஓய்ந்தவனுக்கு மறுபடி வரும் தெம்பு. அடையாறு வீட்டு மாடிப்படியில் ரத்னா தண்ணீர்க் குடத்தோடு பாதியில் நின்று, தெம்பு வந்து, மறுபடி ஏறினாள். படிகளை எண்ணிக்கூடச் சொன்னார். பதினெட்டு.

"வேற விசேஷம் ஏதாச்சும்..." என்று தேவானை குரலைத் தாழ்த்தினாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. "அதெல்லாம் புஸ்தகத்துல எழுதுவாங்களா?" என்றார்.

"அதுவும் சரிதான்." தாளை எட்டிப் பார்த்தாள். "அம்மா எப்படி இருக்கான்னு கேட்டிருக்காளா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். 

"கேட்டிருக்கா."

"எங்க?"

இருபத்தேழாவது வரியில் விரலை வைத்தார். லல். கப்பல் துறைமுகத்தை அடைந்த வரி. கீரைக் கறை படிந்த விரலால் தேவானை அந்த வரியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெதுவாகத் தடவினாள். ஒரு தடவைதான். பிறகு முறத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அச்சகத்துக்குக் கொடுப்பதற்காக எல்லாவற்றையும் தம் கையால் நகல் எடுத்தார். முப்பத்தொரு வரிகளை ரத்னா எழுதியபடியே எழுதினார். இருபத்தேழில் மட்டும் கப்பலை எடுத்துவிட்டார். 'புயலின் நடுவே வந்த லல்லில், அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவள் கேட்டாள்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். நாற்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் தாமாக எழுதிய, உயிருள்ள ஒரே வாக்கியம் அது.

இசக்கிமுத்து படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் விரலால் தட்டினார். "மத்ததெல்லாம் சுமார். இந்தா, இது பாப்பா வாக்கியம். எங்க இருந்தாலும் தெரிஞ்சிரும்லா."

பஞ்சாட்சரம் அடுத்த தாளை எடுத்து நீட்டினார்.

புத்தகம் ஆனியில் வந்தது. எழுதிக் கொடுத்தவர்களுக்கு அச்சகத்திலிருந்து ஒரு பிரதி அனுப்புவது வழக்கம். அந்த உறையில் விலாசத்தை அவரே எழுதினார். 'சௌபாக்கியவதி ரத்னா' என்று முழுசாக எழுதினார். இருபத்தேழாவது வாக்கியத்தை அவள் பார்ப்பாள். அது தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். யாருடையது என்பதும் தெரியும்.

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. பிரதி திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் பஞ்சாட்சரம் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டார். தேவானை எதையும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டு மாட வீதி வழியாக வந்துகொண்டிருந்தார்கள். தூறல் விட்டிருந்தது. ஒரு டுடோரியலின் மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் ஒரே குரலாக ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரத்தின் கால் நின்றுவிட்டது.

"இங்கிலீஷா? என்ன சொல்றாங்க?" என்றாள் தேவானை.

இந்தத் தடவை அவர் எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. "அம்மா எப்படி இருக்கான்னு கேக்கறாங்க."

அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். பூக்காரி ஒருத்தி கூடையோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"அது நீங்க எழுதினதுதானே?" என்றாள் தேவானை.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கே தெரியும். அவ கேக்கறதா இருந்தா முதல்ல அப்பா எப்படி இருக்காருன்னுதான் கேட்டிருப்பா. என்னை ரெண்டாவதாத்தான் கேப்பா. சின்ன வயசுலேருந்து அப்படித்தானேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதில் தூறல் ஏதும் விழுந்திருக்கவில்லை. இருந்தாலும் வேட்டி நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தேவானை அவர் முழங்கையைத் தொட்டு, பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தினாள்.

மேலே வாத்தியார் பிரம்பால் மேஜையைத் தட்டினார். "இன்னொரு தரம்" என்றார். முப்பது குரல்கள் முதலிலிருந்து ஆரம்பித்தன.