சீரில் போன ஏ.சி.

...கடல் காற்றுதான், வேறென்ன, இந்த ஆளும் அதைத்தான் சொல்லப் போகிறான், மூடியைக் கழற்றியதும் மூக்கைச் சுளித்துக்கொண்டு இது மெட்ராஸில் ஓடின மிஷினுங்களா என்று கேட்கப் போகிறான், கேட்கட்டும், இங்கே காதில் வாங்க யார் இருக்கிறார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை, உள்ளே சண்முகவேல் என்கிற மெக்கானிக்கும் கதவு திறந்து கிடக்கிற நாலைந்து பிரிஜ்ஜுகளும், அவ்வளவுதான். பிரிஜ்ஜெல்லாம் ஏற்காட்டு பங்களாக்காரர்களுடையதாம், குளிரில் இருக்கிறவர்களுக்கு எதற்கு பிரிஜ்ஜு என்று சென்னியப்பனுக்கு விளங்கவில்லை. சித்திரை வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. எருமப்பட்டியில் வெங்காய லாரி ஏறியவர், மூட்டைகளுக்கு நடுவே மிஷினைச் சாக்குப் போட்டுச் சுற்றி, பள்ளம் வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே சேலம் வந்து சேர்ந்தவர், இப்போது கவிழ்த்துப் போட்ட டால்டா டின்மேல் உட்கார்ந்து மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒன்று, மிஷின் ஓட வேண்டும். இரண்டு, அது பழைய மிஷின் என்பது திருச்செங்கோட்டுச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது. மூன்று... மூன்றாவது என்ன, வரும்போது மூன்று இருந்ததே. வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டு ஜீப் வாசலில் வந்து நின்று, பின்கதவைத் திறந்து மிஷினை இறக்கிவிட்டு, அதன்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் வசந்தாமணியையும் இறக்கிவிட்டுப் போயிற்று. டிரைவர் பொன்னன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “அம்மா சொல்லச் சொன்னாங்க... மிஷினு சரியானதும் ரெண்டையும் சேத்துக் கொண்டாந்து உட்டுரச் சொன்னாங்க.” ரெண்டையும். ஊரில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ரெண்டையும்.

தப்பு தன்மேல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எண்பத்து நாலு தையில் கல்யாணம், மாப்பிள்ளை மயில்சாமிக்கு இரண்டு ரிக் வண்டி, ஆந்திராவில் போர்க் கிணறு போடுகிறவர்கள், மாடியில் புதிதாகக் கான்கிரீட் அறை கட்டியிருந்தார்கள். சம்பந்தியம்மா சௌந்திரம் நகை பேசவில்லை, வண்டி பேசவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “தம்பி வெயில்ல வெந்துபோட்டு ஊட்டுக்கு வாரான், வந்த எடத்துலயாச்சும் குளுகுளுன்னு தூங்கோணுமில்லீங்க” என்றாள், அவ்வளவுதான், அதற்கு என்ன அர்த்தம் என்று தரகர்தான் வெளியே வந்து விளக்கினார். புது மிஷின் விலை கேட்டதும் கடைப்படி இறங்கி வந்துவிட்டார். அப்புறம் யாரோ சொல்ல, மெட்ராஸுக்குப் போய், கடலுக்கு நேர் எதிரே ஒரு வீட்டில், சாமான்களை விற்றுவிட்டு மகனோடு போய்ச் சேரப் போகிற ஒரு பெரியவரிடம் பாதி விலைக்கு வாங்கி, நாமக்கல்லில் கார் பெயிண்ட் அடிக்கிறவனிடம் கொடுத்து வெள்ளை அடித்து... சீர் பரப்பிய இடத்தில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டும் வைத்தாயிற்று. “புத்தம் புதுசுங்க சம்பந்தி.” அவர் வாயால் சொன்னது. யாரும் கேட்கவில்லை, தானாகச் சொன்னது. முதல் கோடையிலேயே நின்றது. நாமக்கல் மெக்கானிக் ரகசியம்போலச் சொன்னான், இது கடக்காத்து தின்ன மிஷினுங்க, உப்பு உள்ளாற ஏறிருச்சு, மெட்ராஸ்ல கடலோரத்து ஊட்டுக்காரங்க ரெண்டு மாசத்துக்கொருக்கா கழுவுவாங்க, வருசா வருசம் கேஸ் அடிப்பாங்க, அங்கெல்லாம் சர்வீசுக்கே ஒரு மாடு விக்கோணும் என்று. அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். சீரில் போன சாமான் கெட்டால் பொண்ணு வீட்டுக்காரன்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமா என்ன என்று மனைவி ராமாயி கத்தினாள், பெற்றவளுக்குக் கத்த முடிகிறது, புத்தம் புதுசு என்று சொன்னவன் எப்படிக் கத்துவது. சௌந்திரம் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். “ஏனுங் சம்பந்தி, சீருல வந்த மாடு கறக்கலீன்னா மாத்திக் கட்ட மாட்டீங்களா? இதென்னமோ வெயில் வந்தாத்தான் சீக்குல உழுவுது.” அறையில் இருந்த மாப்பிள்ளை அதற்கும் சிரித்தார். போன வருஷமும் நின்றது, போன வருஷமும் கட்டினார். இந்த வருஷம் மூன்றாவது.

“வெளிப்பக்கம் நல்லாத்தானுங்ணா இருக்குது” என்றான் சண்முகவேல், முதுகைத் திருப்பாமலேயே. “காத்தாடி சுத்துதான்னு பாத்துரலாம், அக்கட்ட தள்ளிக்கங்க.” சுவிட்சைப் போட்டதும் பட்டறையே அதிர்ந்தது, தகரம் சேர்ந்து அதிர்ந்தது. சென்னியப்பன் எவ்வளவு ஆகும் என்று கேட்டார், நாலடி தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை தொண்டையை விரித்துக் கேட்டார், அவன் வாயைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். இந்தச் சத்தம்... ஆமாம், அந்த வீட்டிலும் இப்படித்தான். போன வருஷம் மிஷினை மாட்டிவிட்டு அன்றைக்கு அங்கேயே தங்கியபோது, காலையில் கிளம்பும் முன் பொண்ணிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடிப்படிக்குக் கீழே நின்று அம்மிணி, அம்மிணி என்று கூப்பிட்டார், பதில் இல்லை. சௌந்திரம் மோர் கொண்டுவந்து கொடுத்தபடி, “மிஷினு ஓடுனா மேல இடி உழுந்தாலும் கீழ கேக்காதுங்க, கீழ கூப்புட்டாலும் மேல கேக்காது, உங்க மிஷினு அவ்வளவு நல்ல மிஷினு” என்றாள், அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சண்முகவேல் சுவிட்சை அணைத்தான். சட்டென்று விழுந்த அமைதியில் ஏற்காட்டு பஸ் ஒன்று கியர் மாற்றி மேட்டில் ஏறுவது கேட்டது.

“மெட்ராஸ் மிஷினுங்க” என்று அவரே முந்திக்கொண்டார், கேட்கும் வரை காத்திருக்க முடியவில்லை, “கடலோரத்து ஊட்டுல இருந்தது. உப்புக்காத்து தின்னுருச்சு. உங்களுக்குத் தெரிஞ்சது உங்களோட இருக்கட்டும்.” சண்முகவேல் டார்ச்சை அடித்துக் குனிந்தான், முன்பக்கத்துச் சல்லடையைக் கழற்றிக் கீழே வைத்தான், விரலை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்து நாக்கு நுனியில் வைத்தான், துப்பினான். “கடக்காத்து உப்பு வெளிப்பக்கத்தத்தானே தின்னும். அது மாவாட்டம் படியும். இது பாருங்க.” உள்ளங்கையில் நீட்டினான். வெள்ளையும் பழுப்புமாகக் கட்டி கட்டியாக, சில கல் இன்னும் கரையாமல் மூலை தெரிய... கல்லுப்பு. சந்தையில் படி அளந்து வாங்குகிற கல்லுப்பு. “ரூமுக்குள்ளார இருக்கற பக்கத்துல தட்டு நெறைய கெடக்குது. ஒருநா போட்டதில்லீங்ணா, அடுக்கடுக்கா எறுகிக் கெடக்குது. தெனமும் ஒரு புடி. குளுந்து சொட்டற தண்ணியில அந்த உப்புக் கரைஞ்சு பட்டுப்பட்டுத்தான் கேஸ் ஓடற குழாயி, காயிலு, ஓட்டையாகி கேஸ் போயிருக்குது. உங்கூட்டுல ஆராச்சும் வெளையாட்டுப் புள்ளைங்க...” இல்லை என்று தலையாட்டினார். இல்லை. எறும்புக்குப் போட்டிருப்பாங்க என்றார், வாய்க்கு வந்ததைச் சொன்னார். எறும்புக்கு யாராவது உப்புப் போடுவார்களா. சண்முகவேல் சிரிக்கவில்லை, துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

யார்... சௌந்திரத்துக்கு மூட்டுவலி, மாடி ஏறி வருஷமாகிறது. மாப்பிள்ளை தானே போட்டு, தானே வெந்து கிடப்பாரா. வேலைக்காரி சாயங்காலமே போய்விடுகிறாள். கதவு சாத்தின பிற்பாடு அந்த அறையில் இருப்பது எத்தனை பேர், இரண்டு பேர். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும், உப்பு மிஷினைத் தின்னும் என்று எருமப்பட்டியில் பிறந்த பொண்ணுக்கு யார் சொன்னது... டின் அவருக்குக் கீழே ஆடியது. அவர்தான் சொன்னார். முதல் வருஷம், கிணற்று மேட்டில் உட்கார்ந்து, வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் மனசு அரித்ததால் அவளிடம் மட்டும் சொன்னார், பழைய மிஷின் சாமி, உப்பு தின்ன மிஷின், உப்புப் பட்டா தாங்காது, உங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும், ஆருகிட்டயும் சொல்லீராத. அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் போன வருஷம்... போன வருஷமும் உப்புதானா, அந்த மெக்கானிக் தட்டைக் கழுவிவிட்டு வாய் திறக்காமல் இருந்தானே. தாவணியில் முடிந்துகொண்டு... இல்லை, சேலை முந்தானையில், கல்யாணமான பொண்ணு சேலைதானே கட்டுவாள்... அடுப்படியில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மாடிப்படி ஏறுகிறாள், ஒவ்வொரு நாளும், என்றைக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே. மிஷின் நின்றால் ஜன்னலைத் திறந்தாக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கீழே கேட்கும். எது கேட்கும்? அதற்கு மேல் அவர் மனசு போக மறுத்தது, வாசலில் கட்டிப்போட்ட மாதிரி நின்றது, அந்தச் சத்தத்துக்கு அடியில் என்ன இருந்தது, மாப்பிள்ளை நல்லவர், பீடி சிகரெட் கிடையாது, கோயிலுக்குக் காளை வாங்கி விட்டவர், ஊரே சொல்கிறது, என்ன இருந்திருக்கப் போகிறது. வியாழக்கிழமையிலிருந்து அவள் முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறாள். இந்த வெயிலில். வேர்க்குரு என்றாள் ராமாயியிடம்.

“எண்ணூத்தம்பது ஆகுமுங்ணா” என்று சண்முகவேல் சொல்லிக்கொண்டிருந்தான், “காயிலு இங்கயே ஒண்ணு பழசு கெடக்குது, நல்ல காயிலு. கேஸும் இருக்குது. இப்பவே உக்காந்தேன்னா பொழுதோட குடுத்துருவேன், உங்க வெங்காய லாரியிலயே ஏத்திக்கலாம்.” வழியெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வந்தது இந்த வார்த்தைக்குத்தான். பொழுதோட. காலையில் கிளம்பும்போது வசந்தாமணி சாக்குக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “எத்தன நாளாகுமுங்கப்பா?” புருசன் வீட்டு ஞாபகம் போலிருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். “கவலப்படாத கண்ணு, கையோட சரி பண்ணியாந்துருவேன், நாளைக்கே கூட்டிப் போயி உட்டுர்றேன்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். முதல் வருஷம் நாலு நாளில் சரி செய்தார். போன வருஷம் ஆறு நாள், அதற்கே உதிரி சாமான் வர நேரமாகிறது என்று மெக்கானிக்கிடம் சண்டை போட்டுத் துரிதப்படுத்தினார், வாக்குத் தவறாத மனுசன் என்று சௌந்திரமே நாலு பேரிடம் சொன்னாளாம். நாலு நாள். ஆறு நாள். தினமும் ஒரு பிடியாக அள்ளிப் போட்ட உப்புக்கு ஆறே நாள்.

“அவ்வளவு சீக்கிரமாவா?” என்றார். டின்னைவிட்டு எழுந்துகொண்டார். “பழைய காயிலு வேண்டாமுங்க. புதுசு வரவழைச்சே போடுங்க. சாவகாசமாப் பண்ணுங்க.”

சண்முகவேல் நிமிர்ந்து பார்த்தான். “என்னங்ணா இது, வாரவங்கெல்லாம் இன்னிக்கே வேணும்னு உசுரெடுப்பாங்க. நீங்க சாவகாசமாங்கறீங்க.” சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தொடையில் வைத்தான், தேதி எழுதும் இடத்தில் பென்சிலை ஊன்றினான். “சரி, எத்தன நாளுன்னு போடட்டும்?”

சரி பண்ண முடியவே முடியாது என்று எழுதித் தரச் சொன்னால்? எழுதித் தருவான். உடனே புதுசு கேட்பார்கள், புதுசும் இதே சத்தம்தான் போடும். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, மிஷினை அல்ல, அவளை... ராமாயி என்ன சொல்வாள், ஊர் என்ன சொல்லும், அதெல்லாம் பிறகு, முதலில் இந்த ஆளுக்கு ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். பத்து என்று சொல்லலாம். மூன்று மாசம் என்றுகூடச் சொல்லலாம், ஆடி வந்துவிடும், காற்று வந்துவிடும். சென்னியப்பன் வாயைத் திறந்தார். எத்தனை சொன்னாலும், ரெண்டையும் கொண்டுபோய் விட வேண்டிய மறுநாள் என்று ஒன்று இருந்தது...