இரண்டாவது சர்வர்

புது சர்வரின் முகப்பில் கோர்னெல் பெயர்ச்சீட்டை ஒட்டி, குமிழ் விழாமல் கட்டைவிரலால் நீவிவிட்டான். ‘மிரு’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற வியோரிகாவுக்கு வயிறு எரிந்தது. மேல்தட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரின் பெயர் ‘வியோ’. திமிஷோவாரா நகரத்தில் கோர்னெல் இந்தச் சின்னக் கம்பெனியைத் தொடங்கிய புதிதில் அவள் ஒற்றை ஆளாக நிறுத்திய இயந்திரம் அது. பல் டாக்டர், பிளம் சாராயம் காய்ச்சுகிறவர், சவப்பெட்டி விற்கிறவர், சதுரங்கக் கழகம் என்று ஊரில் பாதிப் பேரின் இணையப் பெயர்கள் அதற்குள் இருந்தன. உலகத்தின் எந்த மூலையில் யார் அந்தப் பெயர்களைத் தட்டினாலும், இன்ன கம்ப்யூட்டருக்குப் போ என்று வழி சொல்வது வியோதான். அது வாயை மூடினால் அத்தனை பேரும் இருந்தும் இல்லாதவர்கள்தான்.

“வியோரிகா, உனக்கு ஒரு தங்கச்சி பொறந்திருக்கா பாரு!” என்றான் கோர்னெல். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மிரெலா கலகலவென்று சிரித்தாள்.

ஒரு சர்வர் படுத்தால் பதில் சொல்ல இன்னொன்று வேண்டும் என்று வியோரிகா வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள். ‘பாக்கலாம்’ என்பான். மிரெலா வேலைக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாகப் போகவில்லை. காபிக் கோப்பையை ஊதிக்கொண்டே கேட்டாள், வாங்கிவிட்டான். கோர்னெல் மீது வியோரிகாவுக்கு ஆசையெல்லாம் கிடையாது. ஆனால் ஏதாவது கெட்டுப்போனால் அவன் கண் முதலில் தன்னைத்தான் தேடும் என்பதில் ஒரு சுகம் இருந்தது. இப்போது அந்தக் கண் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் பக்கம், மிரெலாவின் மேஜைக்குப் போகிறது.

வியோவில் இருந்ததையெல்லாம் மிரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அமைக்கும் வேலை மிரெலாவுடையது. “அக்கா, தனியா நான் கவனிக்கவேண்டியது ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

“என்ன இருக்கு? எல்லாம் ஒரே மாதிரிதான்.”

அது பொய். டாக்டர், சவப்பெட்டிக்காரர் என்று ஆரம்ப நாட்களில் சேர்த்த பெயர்களை வியோரிகா வேறு விதமாகப் பூட்டி வைத்திருந்தாள். தனியாக அனுமதி கொடுத்தாலொழிய மிருவால் அவற்றை நகல் எடுக்க முடியாது. சொல்லவில்லை. சொல்லாத அந்த வாய், நாளெல்லாம் எதையோ ஒளித்து மென்றுகொண்டிருப்பது போல இனித்தது.

கோர்னெல் வெளியே போயிருந்த ஒரு காலைப் பொழுதில் அவள் சர்வர் அறைக்குள் போய் வியோவை நிறுத்தினாள். திரும்பி வந்து தொலைபேசி அருகில் உட்கார்ந்தாள். முதலில் சவப்பெட்டிக்காரர்தான் கத்துவார், அவருக்குப் பொறுமை கிடையாது. பிறகு டாக்டர். கோர்னெல் ஓடிவருவான், மிரெலா உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது தான் எழுந்து சரிசெய்வது வரைக்கும் வியோரிகா மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள்.

யாரும் கூப்பிடவில்லை. டாக்டரின் பக்கத்தைத் திறந்தாள், திறந்தது. தன் கம்ப்யூட்டர் முன்பு கேட்டு வைத்திருந்த பதிலைத்தான் காட்டுகிறதோ என்று, பழைய பெயர்கள் ஒவ்வொன்றையும் நேராக மிருவிடமே கேட்டாள். தயங்காமல் சொன்னது. தன்னைப் புதைத்துவிட்டு வந்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

மிரெலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “வியோ படுத்துடுச்சுக்கா.”

“எப்ப?”

“நீங்க உள்ள போய்ட்டு வந்தீங்கல்ல, அப்ப.” குரலில் குத்தல் எதுவும் இல்லை. “அந்தப் பழைய பேருங்களுக்கு அனுமதி இல்லாம இருந்துச்சு. போன வாரமே போட்டுட்டேன். மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

வியோரிகா வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கோர்னெல்.

“அக்கா இன்னிக்கு வியோவ நிறுத்தி சோதிச்சுப் பாத்தாங்க,” என்றாள் மிரெலா. “ஒரு ஆளுக்குக்கூட தெரியல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா? கில்லாடிம்மா நீ!” அவன் வியோரிகாவின் தோளைத் தட்டினான். பார்வை மட்டும் தோளைத் தாண்டிப் போயிற்று. “மிரு தனியா தாங்கிடுச்சு, என்ன?”

மிரெலா செய்தது இரக்கமா, தன்மேல் வைத்துக்கொண்ட பிடியா என்று வியோரிகாவுக்கு விளங்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் வெறுப்பதற்காவது வசதியாக இருந்திருக்கும். இதைக்கூட இந்தப் பெண் தன்னைவிட நன்றாகச் செய்துவிட்டாளே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. எழுந்து போய் வியோவை மறுபடி ஓடவிட்டாள். அது எழுந்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் தெருவெல்லாம் உருகிய பனிச்சேறு. டிராமில் நல்ல கூட்டம். முந்திக்கொண்டு ஏறிய மிரெலா ஜன்னலோரம் பிடித்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். தொப்பிக்காரர் ஒருவர் அதைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். “ஆள் வர்றாங்க சார், இதோ ஏறிட்டிருக்காங்க” என்று அவள் வாசலைக் கைகாட்டினாள். வியோரிகா ஒரு காலைப் படியில் வைத்து, ஈரக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முதுகில் கூட்டம் நெருக்கியது. உள்ளே மிரெலா பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, காலி இருக்கையில் ஒட்டியிருந்த ஈரத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.