நீலத் துணி கட்டிய அவரை

அமலம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பினாங்கு கெலுகோரில் அவள் வீட்டுக்கும் வடிவம்மாள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். இந்தப் பக்கம் இவள் நட்ட அவரை பூக்காமலே வாடிப்போயிற்று. அந்தப் பக்கமோ காய் தாங்காமல் பந்தலே சாய்ந்து கிடந்தது. போதாததற்குப் புருஷன் செபாஸ்டியன் வேறு, சோற்றில் கை வைத்ததுமே, "வடிவக்கா கொடுத்த அவரையா? அதானே பார்த்தேன்" என்பார். எவளுக்குத்தான் பொறுக்கும்?

வடிவம்மாள் வாரம் தவறாமல் காய் கொடுப்பாள். விதை கேட்டால்தான் வம்பு.

"நாலே நாலு விதை கொடுங்களேன் அக்கா."

"கொடியிலேயே காயட்டும் அமலம். அப்புறம் பாக்கலாம்லா."

பார்க்கலாமாம்! கொடுக்க மனசில்லாதவர்கள் சொல்கிற வார்த்தை அது. விதைக்கென்று விட்ட காய்களை யாரும் கறிக்குப் பறித்துவிடக் கூடாதென்று வடிவம்மாள் துணி கட்டி வைத்திருந்தாள். சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் நீலம். நீலம் கட்டியவைதான் நன்றாகத் திரண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அமலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாள் சூலியா தெருவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். பூசை முடிந்து வந்த அமலம்மாள் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. வேலிக்கு மேல் கையை விட்டு, நீலத் துணி கட்டிய அத்தனையையும் பறித்துவிட்டாள். சற்று முன் நற்கருணை வாங்கிய வாயாலேயே, "சனியன், இத்தனை உயரத்திலா காய்க்கும்!" என்று திட்டவும் செய்தாள். உரித்தால் விதை இன்னும் பச்சை. அதனாலென்ன என்று சாம்பலில் புரட்டி, பால் டின்னில் போட்டு இறுக மூடினாள்.

மூன்று வாரம் கழித்து வடிவம்மாள் கையில் ஒரு முடிச்சோடு வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரை பட்டர்வொர்த்துக்கு மாத்திட்டாங்க அமலம். நாளைக்குக் கிளம்புறோம். உனக்குன்னுதான் நல்ல காயாப் பார்த்து நீலத் துணி கட்டி விட்டிருந்தேன். எந்தப் பாவியோ பச்சையிலேயே பிடுங்கிட்டுப் போயிட்டான். கொடியிலேயே காய்ஞ்சு கலகலன்னு ஆடாத விதை முளைக்குமா, சொல்லு? இந்தா, இது எனக்குன்னு சிவப்புத் துணி கட்டினது. நீ வச்சுக்க."

"அப்ப உங்களுக்கு?"

"போற இடத்துல யாராச்சும் கொடுக்காமலா போயிடுவாங்க?"

அவள் தலை மறைந்ததும் அமலம்மாள் டின்னைத் திறந்தாள். குப்பென்று பூசண நாற்றம். உள்ளே ஒரு விதைகூடத் தேறவில்லை. வெட்கத்தில் அழுதாள்தான். அழுதுகொண்டிருக்கும்போதே செபாஸ்டியன் வந்தார். மேஜைமேல் இருந்த முடிச்சைப் பிரித்துப் பார்த்தார்.

"வடிவக்கா கொடுத்ததா? அதானே பார்த்தேன்."

அமலம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது. முடிச்சைத் தூக்கிச் சாக்கடையில் வீசலாமா என்று வந்தது. வீசவில்லை, வீசினால் அடுத்த வருஷமும் பந்தல் வெறுமையாகக் கிடக்கும். வீசாவிட்டால், இவள் தண்ணீர் ஊற்றி, இவள் பந்தல் போட்டு, இவள் வீட்டில் காய்க்கப் போவதும் வடிவம்மாளின் அவரைதான்.