இளையவள் எடுத்த கல்

கல் செதுக்கும் வகுப்பில் முதலில் பெயர் கொடுத்தவள் மூத்த மருமகள்தான். சமையலோ தையலோ, வீட்டில் எதைத் தொட்டாலும் பாராட்டெல்லாம் இளைய மருமகளுக்கே போகும். இந்த ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டுமே என்று பார்த்தால், "நானும் வர்றேன்க்கா" என்று அவளும் ஒட்டிக்கொண்டாள். போதாக்குறைக்கு மாமியார், "எது நல்லா வருதோ அதை ஹால் அலமாரியில வைப்போம்" என்று வேறு சொல்லிவிட்டாள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

முதல் நாள் சிற்பி சொன்னார்: "எடுக்கறதுக்கு முன்னாடி கல்லைத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்ல கல்லு. டொக்குனு கேட்டா உள்ள விரிசல். பாதி வேலையில பொளந்துடும்."

இவர்கள் முறை வந்தபோது மேசையில் மிஞ்சியது இரண்டே மாக்கல். மூத்தவள் இரண்டையும் நைசாகத் தட்டினாள். ஒன்று டொக்கென்றது. தூசிக்கு முகமூடி மாட்டிக்கொண்டு அவள் திரும்புவதற்குள், இளையவள் அந்தக் கல்லையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. 'நல்லா வேணும்' என்று விழுங்கிவிட்டாள்.

மூத்தவள் உளியைச் செங்குத்தாகப் பிடித்ததில், கல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காயம். அவள் செதுக்கிய மீன் கத்திரிக்காய் மாதிரி இருந்தது. இளையவள் உளியைச் சாய்த்துப் பிடித்தாள், அவள் செதுக்கிய பறவைக்குச் சிறகே விரிந்துவிட்டது.

"அடேயப்பா, முதல் தடவையா இது!" என்று சிற்பியே வாயைப் பிளந்தார். மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டு விரிசலுக்காகக் காத்திருந்தாள். பாழாய்ப்போன கல், உடைந்து தொலைக்க மாட்டேன் என்றது.

கடைசி வகுப்பில், அலகைச் செதுக்கும்போது 'டக்'. பறவை இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் "ஐயோ" என்றார்கள். மூத்தவளுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிட்டே போனாள்.

"அடடா, தட்டிப் பார்க்கலையா நீ?"

"பார்த்தேன்க்கா. டொக்குனுதான் கேட்டுச்சு." இளையவள் துண்டுகளை முந்தானையால் துடைத்தாள். "நான் எடுக்கலைன்னா அது உங்களுக்குல்ல வந்திருக்கும்? நீங்க ஆசைப்பட்டுச் சேர்ந்த கிளாஸு. முதல் கல்லே உடைஞ்சா மனசு விட்டுப்போயிடும்."

அன்று மாலையே மீன் ஹால் அலமாரி ஏறியது. மாமியார் கை தட்டினாள். அவளைவிடப் பலமாக இளையவள் தட்டினாள். பாவி, நல்ல மனசிலும் முந்திக்கொண்டாளே என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வாய்விட்டுத் திட்டத்தான் இந்தத் தடவை வழியில்லை.