அர்னுல்போ கொடுத்த டப்பா

அந்த டப்பாவில் இருந்ததை மூத்திரம் என்று சொன்னால் மூத்திரத்துக்கே கேவலம். நிறமில்லை, நாற்றமில்லை, ஒரு நுரைகூட இல்லை. அத்தனையும் இளநீர். கப்பலுக்குப் போகிற ஆண்கள் மருத்துவச் சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே இளநீராகக் குடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். எங்கள் இலோயிலோ ஊரில் இது ஒரு சடங்கு மாதிரி. எங்கள் லேப் வாசலிலேயே இளநீர் வண்டி நிற்கிறது. "கிட்னிக்கு மூணு, சர்க்கரைக்கு நாலு" என்று வெட்டுகிறவன் டாக்டரைப் போல அளவு சொல்கிறான். அவனுக்குக் கூடும் கூட்டம் எங்களுக்குக் கூடாது.

வெட்டை நோய்க்குப் பார்க்க அந்தத் தண்ணீர் உதவவே உதவாது. கிருமி மூத்திரக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரமாவது அடக்கி வைத்து, முதலில் வருகிற கொஞ்சத்தைப் பிடித்தால்தான் அது டப்பாவில் விழும். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எவன் படிக்கிறான்? முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

"கடைசியா எப்பப்பா போனே?" என்று கேட்டேன்.

"காலையிலேருந்து ஏழு தடவை, மனாங்" என்றான் அர்னுல்போ பெருமையாக. ஐம்பது வயதைத் தாண்டிய என்னை ஊரே மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். அவனுக்கு முப்பத்தெட்டு. எண்ணெய்க் கப்பலில் எந்திர அறை வேலை. ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டு ஆறு வாரத்துக்கு முன் வீடு திரும்பியவன், மறுபடியும் கிளம்ப வேண்டும்.

அவன் தாளில் வெட்டை நோய்ச் சோதனையையும் டாக்டர் சேர்த்திருந்த காரணம் எனக்குத் தெரியும். முந்தின நாள், திங்கட்கிழமை, அவன் மனைவி க்ளாரிபெல் அடிவயிற்று வலியோடு வந்திருந்தாள். அவளுக்குப் பஞ்சுக்குச்சி வைத்து நான்தான் எடுத்தேன். அருமையான மாதிரி. நோய் இருந்தது, சந்தேகத்துக்கே இடமில்லை.

"குச்சி வச்சு எடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை."

"அங்க குச்சியா! கடற்கொள்ளைக்காரன் கப்பல்ல ஏறினப்பகூட நான் இப்படிப் பயப்படல, மனாங்."

வரிசையில் நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த டப்பாவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, 'மாதிரி சரியில்லை, நாளைக்கு வா' என்று எழுதியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இந்த வேலை செய்கிறேன், எனக்கு இது தெரியாதா? ஆனால் லேபின் முதலாளி டாக்டர் பெனிதெஸ் காலையில்தான் கத்தியிருந்தார். ஆளைத் திருப்பி அனுப்பினால் கப்பல் ஏஜென்சிக்காரன் வேறு லேபுக்குப் போய்விடுவானாம். எனக்கும் கால் வலித்தது, பசித்தது. டப்பாத் தண்ணீரை எந்திரத்தில் சுழலவிட்டு, அடியில் தங்காத வண்டலைத் தேடிக் கண்ணாடித் துண்டில் தடவி, கடனே என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. 'நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை தன்னுடையது, மனைவியுடையது என்று இரண்டு உறைகளையும் அவனே வந்து வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை மதியத்தோடு லேபை மூடுவோம். டாக்டர் சேவல் சண்டைக்குப் போய்விட்டார். காவலாளி நூடுல்ஸ் சூப் குடிக்கப் போனான். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது க்ளாரிபெல் உள்ளே வந்தாள். ஒரு கண் முழுதாக மூடிப் போயிருந்தது. உதடு கிழிந்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தன. பிள்ளையின் பள்ளிக்கூடச் சாக்ஸால் சுற்றியிருந்தாள். இடது கையால் தன் சோதனைச் சீட்டை என் முன்னால் வைத்தாள்.

"என்னுத மறுபடி பாருங்க, மனாங். தப்பா வந்திருக்கு."

"யாரு அடிச்சா?" என்று கேட்டேன். கேட்க வேறு கேள்வி கிடைக்கவில்லை.

"ஒரே லேபு, ஒரே கையெழுத்து. அவருக்கு இல்ல, எனக்கு இருக்கு. எங்கடி பிடிச்சேன்னு கேட்டாரு. தெரியலன்னேன். ஒரு விரல் போச்சு. மறுபடி கேட்டாரு. மறுபடியும் தெரியலன்னேன்."

"அக்கம்பக்கத்துல யாருக்கும் கேக்கலையா?"

"அவரு எங்க சத்தம் போட்டாரு? 'சொல்லிடு இந்தாய், சொல்லிடு கண்ணு'ன்னு கெஞ்சிக்கிட்டேதான் ஒடிச்சாரு."

எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. சண்டையே போட்டாலும் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். கட்டிய பெண்டாட்டியைச் செல்லமாக 'இந்தாய்' என்று கூப்பிட்டுக்கொண்டே விரலை ஒடிக்கிற தாலாட்டை அவர்கள் வந்து கேட்க வேண்டும்.

"உன்னுது சரியாத்தான் வந்திருக்கு" என்றேன்.

அவள் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். "நான் யாருகிட்டயும் போகல, மனாங்."

"தெரியும். அவனுதுதான் தப்பு. அவன் குடுத்தது சோதனைக்கே லாயக்கில்லாத தண்ணி. நான் அதை வாங்கியிருக்கவே கூடாது. வாங்கினேன். கையெழுத்தும் போட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப பெலோயைத் தேடிப் போயிருக்காரு" என்றாள். பெலோய் அவள் பிள்ளைகளை முச்சக்கர வண்டியில் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறவன். "கத்தியோட போயிருக்காரு."

டாக்டருக்குப் போன் செய்தேன். பின்னால் சேவல்களும் ஆண்களும் சேர்ந்து கத்துவது கேட்டது. "சீட்டு வெளிய போயிடுச்சு, பெலிசா. இப்ப தப்புன்னு சொன்னா, அன்னைக்குப் பாத்த மத்த முப்பது பேரோடதும் தப்பான்னு ஏஜென்சிக்காரன் கேப்பான். பேசாம பூட்டிட்டு வீட்டுக்குப் போ" என்று வைத்துவிட்டார். போலீசுக்குப் போன் செய்தேன். ஜீப் வெளியே போயிருக்கிறதாம், வந்ததும் அனுப்புவார்களாம்.

நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சிகளை வைத்து அவள் விரல்களைக் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் வாசலில் ஏதோ விழுகிற சத்தம். க்ளாரிபெல்லை உள்ளறைத் திரைக்குப் பின்னால் தள்ளினேன்.

அர்னுல்போ பெலோயின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பெலோயின் ஒரு காது பாதி அறுந்து தொங்கியது. கழுத்து, சட்டை, கால்சட்டை எல்லாம் ரத்தம். அர்னுல்போவின் கையில் முழ நீள வெட்டுக்கத்தி.

"சாப்பிட்டீங்களா, மனாங்?" என்று கேட்டான். குரல் பூ மாதிரி இருந்தது. "இவனோடத எடுங்க. குச்சி வச்சே எடுங்க. இருந்துச்சுன்னா இங்கயே முடிச்சுட்டுத் தரையை நானே கழுவிக் குடுத்துடறேன்."

"சாமி சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல, மனாங்" என்று பெலோய் அழுதான். "பிள்ளைங்களத்தான் ஏத்திட்டுப் போறேன், அதுங்க அம்மாவ இல்ல!"

கழுத்தில் கத்தி இருக்கிற ஆளிடம் மாதிரி எடுப்பதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எடுத்தேன். பெலோய் நடுங்கிய நடுக்கத்தில் குச்சி இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் புதுக் குச்சி எடுத்தேன். இந்தத் தடவை அரைகுறை வேலை கிடையாது. சாயம் ஏற்றி, கண்ணாடி முழுவதையும் ஓரம் விடாமல் பார்த்தேன்.

"இவனுக்கு இல்ல."

"நல்லாப் பாருங்க. இவனும் இளநீர் குடிச்சிருப்பான்."

நான் திரும்பினேன். "இளநீர் குடிச்சா வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கத்தியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"நீ குடுத்த டப்பா வெறும் தண்ணி, அர்னுல்போ. நான் எழுதினது பொய். இப்ப உன்னுதையும் எடுக்கணும்."

கத்தியின் பிடியால் என் முகத்தில் குத்தினான். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் ரத்தம் வழிந்தது. எனக்குப் பயமே வரவில்லை, கோபம்தான் வந்தது. பாதி அவன்மேல், பாதி என்மேல்.

"என் கையெழுத்தை நம்பித்தானே அவ விரலை ஒடிச்சே? அதே கையெழுத்துதான் சொல்லுது, குடு. ஒரு குச்சிக்குப் பயமா இருந்தா போ. போய் இன்னொருத்தன் காதை அறு."

பெலோயின் முன்னால் பயந்தவனாக நிற்க அவனால் முடியவில்லை. கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெல்ட்டை அவிழ்த்தான். அந்த நேரம் பார்த்துப் பெலோய் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். அர்னுல்போ துரத்தவில்லை.

குச்சியை உள்ளே விட வேண்டிய தேவையே வரவில்லை. நுனியில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது.

"எத்தனை நாளா?"

அவன் சுவரைப் பார்த்தான். "கப்பல்லேருந்து எறங்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. விட்டு விட்டு வந்துச்சு. இளநீர்ல போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"இப்பவும் வருதே, கண்ணு தெரியலையா?"

"நீங்கதான் சீட்டுல இல்லன்னு போட்டிருந்தீங்கல்ல, மனாங்."

மூக்கில் விழுந்த குத்தைவிட இது வலித்தது. அந்தச் சொட்டைக் கண்ணாடியில் தடவி, சூட்டில் காய வைத்து, ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம் என்று ஒவ்வொன்றாக விட்டேன். என் மூக்கு ரத்தம் தொட்டியில் சொட்டிச் சாயத்தோடு கலந்து ஓடியது. அவன் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். குனிந்து பார்த்தேன். ஒரு நொடி போதுமாக இருந்தது.

"நீயே வந்து பாரு."

பார்க்க இரண்டு கையும் வேண்டும். கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்தான்.

"செவப்பா, ரெட்டை ரெட்டையா..."

"அதேதான் கிருமி."

திரை விலகியது. க்ளாரிபெல் வந்து என் பக்கத்தில் நின்றாள். "என்னுதுலயும் இதுதானா, மனாங்?"

"இதேதான்."

முடிந்தது என்று நினைத்தேன். மாதிரி நன்றாக இருந்தால் உண்மை தானாக வெளியே வரும், உண்மை வந்தால் அடி நிற்கும் என்று இத்தனை வருஷம் நம்பிய முட்டாள் நான். கப்பலிலேயே இருந்தது என்று இப்போதுதான் தன் வாயால் சொன்னவன், லென்ஸிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல், கொஞ்சுகிற குரலில் சொன்னான்:

"பாத்தியா, இந்தாய். கடைசியில எனக்கும் ஒட்ட வச்சுட்டியே."

யாருக்கு இருக்கிறது என்று கண்ணாடி சொல்லும். யார் கொடுத்தது என்று சொல்லாது. அந்த ஓட்டையை அவன் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டான்.

க்ளாரிபெல் இடது கையால் கத்தியை எடுத்தாள். பழக்கமில்லாத கை. முதல் வெட்டு அவன் வலது முன்கையில் இறங்கி எலும்பில் நின்றது. அவன் நிமிர்வதற்குள் இரண்டாவது அதே இடத்தில் விழுந்தது. மைக்ரோஸ்கோப் உருண்டு தரையில் நொறுங்கியது. முதல் வெட்டிலேயே நான் அவளைப் பிடித்திருக்கலாம். கை எட்டும் தூரத்தில்தான் நின்றேன். பிடிக்கவில்லை. இதைப் போலீசிடமும் சொல்லியிருக்கிறேன். கையை மூன்றாவது முறை ஓங்கியபோதுதான் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். கத்தி சுவரில் பட்டு விழுந்தது.

அவன் தொட்டிக்கும் மேஜைக்கும் நடுவில் சரிந்து கிடந்தான். கை, தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுக்கும்போது கட்டுகிற ரப்பர் பட்டைகள் நான்கை எடுத்து, அவன் முழங்கைக்கு மேலே பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். அப்போதுதான் அவன் குரல் உயர்ந்தது. அன்றைக்கு முதல் தடவையாக, தெருவே கேட்கிற மாதிரி, ஓவென்று அலறினான்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். க்ளாரிபெல் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் ரத்தம், பாதி அவளுடையது.

"எழுதிக் குடுங்க, மனாங்."

"என்னன்னு?"

"நான் குடுக்கலன்னு."

"அதை எழுத முடியாதும்மா. கண்ணாடியில அது தெரியாது."

"அப்ப எது தெரியுமோ அதை எழுதுங்க."

ஒரு புதுச் சீட்டை எடுத்தேன். மூக்கிலிருந்து இரண்டு சொட்டு அதன்மேல் விழுந்தது. துடைத்தால் தீற்றிக்கொண்டது, அப்படியே விட்டுவிட்டேன். 'அர்னுல்போ செவ்வாய்க்கிழமை கொடுத்த மாதிரி சோதனைக்கு உதவாதது. உதவாது என்று தெரிந்தே வாங்கி, நோய் இல்லை என்று எழுதினேன். பெலிசா.' நேரத்தையும் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. க்ளாரிபெல் எழுந்து போய் அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். சீட்டை நல்ல கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரின் மிருதுவான குரலில், ஒவ்வொரு சொல்லாக அவனுக்குப் படித்துக் காட்டினாள். அலறிக்கொண்டிருந்தவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்து, முதலிலிருந்து மறுபடியும் படித்தாள்.